நிழலை நட்டுச் சென்ற கிரும்பிகல்

லால்பாகை ஒட்டிய சாலையொன்று கிரும்பிகல் சாலை என வழங்குகிறது. நம்மைப் போலவே பிழைப்பை நாடி வேற்றூரிலிருந்து வந்து, பெங்களூரைத் தம் ஊராக்கிக்கொண்ட ஒரு பெருமகனின் பெயர் அது.

குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல் 1865-ஆம் ஆண்டு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே பிறந்தார். தோட்டக்கலை பயின்று, லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் பணியேற்றார். 1893-இல் பரோடா சமஸ்தானத்திற்கு வந்தார். பின்னர் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1908-இல் ஹைதர் அலி கண்ட லால்பாகின் பொறுப்பை ஏற்று, 1932 வரை அதனைப் பேணினார். கிருஷ்ணராஜசாகர் அணையின் கீழ் அமைந்த பிருந்தாவனத் தோட்டத்திலும் அவர் கைவண்ணம் உண்டு.

மாளிகையை எழுப்பிய பின் மிஞ்சிய மண்ணில் செடி வைப்பதை அவர் தோட்டக்கலையாகக் கருதவில்லை. கட்டடம், சாலை, மரம் மூன்றையும் ஒரே திட்டத்தில் வைத்தார். ஜகரண்டாவின் நீலம் உதிரும் வேளையில் குல்மொகரின் செம்மை மலரும். தூங்குமூஞ்சி மரம் சாலைக்கே பந்தலிடும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்குமாறு வகுத்த முறை அது. கண்ணுக்கு விருந்தான அம்மரங்களே வெயிலைத் தடுத்து, சுவரையும் தெருவையும் குளிர்வித்தன. அழகும் பயனும் அவரிடத்தில் பிரிந்து நின்றதில்லை.

எனினும் அழகுக்கு ஒரு கடமை உண்டு. குல்மொகரின் வேர் ஆழமாகச் செல்வதன்று. அடிமரம் வரை சிமெண்டு பூசி, ஒரு பக்கத்து வேரையும் வெட்டினால் மழைக்காற்றில் அது சாயும். பழி மரத்தின்மேல் விழுகிறது; மண்ணை மூடியவர் கை தப்பிவிடுகிறது. அவர் திட்டத்தில் மரத்திற்கும் இடம் இருந்தது. நம் வீட்டு வரைபடங்களில் அஃது இல்லை.

ஓய்வுக்குப் பின்னும் தாயகம் திரும்பாது, 1956-இல் பெங்களூரிலேயே அவர் மறைந்தார். லால்பாகில் அவர் பெயர் தாங்கிய மண்டபம் பராமரிப்பின்றி 2017-இல் இடிந்து விழுந்தது. அவர் வகுத்த வழியில் வளர்ந்த மரங்களோ பல சாலைகளில் இன்றும் நிழல் தருகின்றன.

இந்நகரில் வீடு கட்டும் நம் அன்பர்கள் அடிமனை முழுவதையும் கல்லால் மூடாது, ஒரு மரத்திற்கேனும் மண் விடுவார்களாக. குடியேறிய ஊருக்கு நாம் செலுத்தத்தக்க வாடகை அதுவே.