காயலில் மாநாடு கூட்டிய கருப்பன்

தேவராவில் குடியிருந்துகொண்டு வில்லிங்டன் தீவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மவர்களில் அநேகர். பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது இரு பக்கமும் தெரிகிற காயலை நாள்தோறும் பார்க்கிறார்கள். அதே காயலில், சற்று வடக்கே போல்காட்டிப் பக்கம், 1913-ஆம் ஆண்டு தண்ணீரின் மேல் ஒரு மாநாடு நடந்தது. வள்ளங்களை வரிசையாக நிறுத்தி, ஒன்றோடொன்று கட்டி, பலகை பரப்பி மேடை போட்டார்கள். கூடியவர்கள் கொச்சி சமஸ்தானத்துப் புலையர்கள். கரையில் கூட அவர்களுக்கு இடம் இல்லை. மன்னருடைய மண்ணில் அவர்கள் கூட்டம் கூட்டக் கூடாது. தண்ணீரைப் பற்றி அந்தத் தடையில் ஒன்றும் சொல்லப்படவில்லை. இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பண்டிட் கே. பி. கருப்பன்.

கருப்பன் என்ற பெயரைக் கேட்டதும் மதுரைப் பக்கத்துக்காரர் என்று நினைக்கத் தோன்றும். அவர் தமிழர் அல்லர். எர்ணாகுளத்துக்கு அருகே சேரானல்லூரில் 1885-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி, பாப்பு என்பவருக்கும் கொச்சுப்பெண்ணுக்கும் பிறந்தவர். ஆனால் பெயரில் தமிழ் உண்டு. வீட்டுக்குப் பழக்கமான தமிழ்க் கோசாயி ஒருவர், இந்தப் பிள்ளை பெரிய படிப்பாளி ஆவான், கற்றவன் என்ற பொருள்பட 'கற்பன்' என்று கூப்பிடுங்கள் என்றாராம். கற்பன் வாய்வழக்கில் கருப்பன் ஆனது என்று கேரளத்தில் சொல்கிறார்கள்.

பிறந்தது வாலர் குலம். கொச்சி மன்னர்களுக்குத் தோணி தள்ளியவர்கள், காயலில் மீன் பிடித்தவர்கள். மன்னரைச் சுமந்த தோணியைத் தள்ளலாம். மன்னர் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் உட்கார முடியாது. ஆயினும் பையன் விடவில்லை. முதலில் ஊர் வைத்தியரிடமும், பிறகு கொடுங்கல்லூர் கோவிலகத்திலும் வடமொழி கற்றார். ஒரு சமயம் கொடுங்கல்லூருக்கு வந்திருந்த கொச்சி மகாராஜா இந்த இளைஞரின் புலமையைக் கேட்டு வியந்து, மேலும் படிக்க ஏற்பாடு செய்தார். எர்ணாகுளத்தில் உயர்சாதிப் பெண்கள் படித்த பள்ளியில் அவரை சமஸ்கிருத ஆசிரியராகவும் நியமித்தார். பெற்றோர்கள் கூச்சலிட்டபோது, விருப்பமில்லாதவர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அரண்மனையின் பதிலாக இருந்தது. யாரும் நிறுத்தியதாகத் தெரியவில்லை.

அரண்மனை ஆதரவு, சம்பளம், பட்டங்கள். ஒரு மனிதன் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போவதற்கு இவ்வளவு போதும். கருப்பன் போகவில்லை.

அன்றைய கொச்சியில் ஏழ்மை என்றால் கையில் காசு இல்லாதது மட்டும் அல்ல. காசு கிடைக்கும் வழிகள் அனைத்தும் அடைபட்டிருந்தன. கொச்சியில் அடிமை முறை 1854-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சட்டம் வந்து ஐம்பது வருஷம் ஆகியும் புலையர் வயலில் உழைத்து நெல்லைத்தான் கூலியாக வாங்கினார்கள். நிலம் இல்லை, குடிசை இருந்த இடமும் ஜன்மிக்குச் சொந்தம். அடமானம் வைக்க ஒரு குழி மண் இல்லாதவனுக்குக் கடன் கொடுப்பவர் யார்? கொடுத்தால் நிலக்காரன்தான் கொடுப்பான். அப்புறம் அவனை விட்டு வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. கடைக்குப் போனால் தூரத்தில் நின்று காசை வைத்துவிட்டு விலகி நின்று கத்த வேண்டும். கடைக்காரன் கொடுத்த அளவுதான் அளவு, சொன்ன விலைதான் விலை. பள்ளிக்கூடம் இல்லாததால் உத்தியோகம் இல்லை, உத்தியோகம் இல்லாததால் மாதச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. மீனவர்கள் இவர்களைவிட ஒரு படி மேலே இருந்தார்கள் என்று சொல்லலாம். அவர்களுக்கும் பள்ளிக்கூட வாசல் எளிதில் திறக்கவில்லை.

கருப்பன் ஊர் ஊராகச் சபை அமைக்கத் தொடங்கினார். கொடுங்கல்லூர் ஆனாப்புழையில் கல்யாணதாயினி சபை. பிறகு நம் தேவராவில் சுதர்ம சூர்யோதய சபை, இடக்கொச்சியில் ஞானோதயம் சபை, கும்பளத்தில் சன்மார்க்க பிரதீப சபை. பெயர்கள் பண்டிதர் வைத்தவை, வாய் நிறைய வடமொழி. வேலையோ சாதாரண வேலை: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு, குடியை விடு, சுத்தமாக இரு, உட்பிரிவுச் சண்டையை மற. சேர்ந்து மனு எழுதத் தெரியாதவர்கள் சேர்ந்து உட்காரவாவது பழகினார்கள்.

சாதிக்கும்மி என்ற அவருடைய பாட்டு 1912-இல் அச்சேறியது. அதற்கு முன்பே அது கைப்பிரதியாகவும் வாய்ப்பாட்டாகவும் குடிசைகளில் பரவியிருந்தது. ஆதிசங்கரரின் வழியில் சிவனும் பார்வதியும் பறையர் தம்பதியாக வந்து நிற்கும் கதை அது. கும்மி நமக்குத் தெரிந்த வடிவம்; எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கை தட்டிக்கொண்டே மனப்பாடம் செய்துவிடலாம். குமாரன் ஆசானின் துரவஸ்தை வருவதற்குப் பத்து ஆண்டு முந்தியது இது.

அதற்கு அடுத்த ஆண்டுதான் காயல் மாநாடு. மீனவர்கள் வள்ளம் கொண்டுவந்தார்கள், புலையர்கள் ஏறி அமர்ந்தார்கள். தீண்டாமையில் மீனவருக்கும் புலையருக்கும் இடையே இருந்த தூரத்தை நினைத்தால் இதுவே பெரிய செய்தி. கிருஷ்ணாதி ஆசான், கே. பி. வள்ளோன் போன்றோர் முன்நிற்க, கொச்சி புலைய மகாஜன சபை உருவாயிற்று.

திவானாக ஜே. டபிள்யூ. போர் இருந்த காலத்தில் எர்ணாகுளத்தில் ஒரு விவசாயக் கண்காட்சி நடந்தது. நெல்லும் கிழங்கும் வாழைத் தாரும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை விளைவித்தவர்களுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி இல்லை. கருப்பன் இதைத் திவானிடம் எடுத்துச் சொன்னார். உத்தரவு பிறந்தது. காயல் ஓரத்தில் காத்திருந்தவர்கள் வள்ளத்திலிருந்து இறங்கி, எர்ணாகுளத்து மண்ணில் நடந்து, தங்கள் விளைச்சலைத் தாங்களே பார்த்தார்கள். பிற்காலத்தில் இந்தியாவின் சுகாதாரத் திட்டம் பற்றி 1946-இல் அறிக்கை தந்த போர் கமிட்டியின் தலைவர் இந்தத் திவான்தான்.

மகாராஜாவின் மணிவிழாவுக்காக 1919-இல் எழுதிய பாலாகலேசம் நாடகத்திலும் கருப்பன் தீண்டாமையைச் சாடியிருந்தார். விழா நாடகம் என்றால் புகழ்ச்சி மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது ரசிக்கவில்லை.

1925 ஆகஸ்டில் கொச்சி சட்டசபைக்குத் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாக அரசு அவரை நியமித்தது. பேச்சோடு நிற்காமல், இவர்களுக்கென்று தனி அலுவலகம் வேண்டும் என்று வற்புறுத்திப் பெற்றார். கல்வி இயக்குநர் பாதுகாவலர், கருப்பன் முழுநேரத் துணைப் பாதுகாவலர். இங்கேதான் கவிஞர் மறைந்து குமாஸ்தா தெரிகிறார். பள்ளிச் சம்பளச் சலுகை, உதவித்தொகை, மொத்த மானியம், புதிய பள்ளிகள், குடியிருப்புக் காலனிகள் என்று கோப்பு கோப்பாக நகர்த்தினார். கும்மிப் பாட்டுக்குக் கைதட்டியவர்கள் இந்தக் கோப்புகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் மாதம் பிறந்தால் கைக்கு வரும் உதவித்தொகை எப்படிப்பட்டது என்பது, பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டத் தவித்தவர்களுக்குத் தெரியும். நெல்லாகக் கூலி வாங்கிய குடும்பத்துக்குள் ரொக்கப் பணம் நுழைந்த முதல் வழிகளில் அது ஒன்று.

1935-இல் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் மலையாள விரிவுரையாளர் ஆனார். 1938 மார்ச் 23-ஆம் தேதி, நுரையீரல் உறையில் ஏற்பட்ட நோயால், ஐம்பத்து மூன்று வயது நிறைவதற்குள் காலமானார்.

அவர் விரிவுரையாளராகச் சேர்ந்த அதே 1935-இல், அதே கல்லூரியில், முளவுகாட்டைச் சேர்ந்த ஒரு புலையப் பெண் ரசாயனத்தில் பட்டம் பெற்றார். வகுப்பில் செய்முறையை அருகில் வந்து பார்க்க விடாததால் தூரத்தில் நின்று பார்த்தே கற்றவர். சமஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்தவர். 1913-இல் வள்ளத்து மேடையில் முன்நின்ற கிருஷ்ணாதி ஆசான் அவருக்குச் சிற்றப்பா. பெயர் தாட்சாயணி. 1946-இல் சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு டெல்லிக்குப் போனார்.