மௌலானா ஆசாதும் கூட்டாட்சிக் கனவும்

திருமறை விரிவுரையாளர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர், நாட்டின் முதல் கல்வி அமைச்சர் என மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களைப் பலவாறு போற்றி வருகிறோம். மத்திய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்னும் வினாவுக்கு விடை தேடிய பெருந்தகை அவர்கள் என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

1888ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் புனித மக்காவில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் சிறந்த மார்க்க அறிஞர். குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. அரபியையும் பார்சியையும் இல்லத்திலேயே கற்ற ஆசாத் அவர்கள், 1912இல் தொடங்கிய 'அல்ஹிலால்' உருது இதழால் ஆங்கில ஆட்சியின் சினத்துக்கு ஆளானார்கள். ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்கள். 1923இல் தில்லியில் கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாட்டுக்குத் தம் 35ஆம் அகவையில் தலைமை ஏற்றார்கள். 1940இல் மீண்டும் அப்பொறுப்பு அவர்களை நாடி வந்தது. அகமத்நகர்க் கோட்டையில் சிறையிருந்தபோது, 1943இல் துணைவியார் சுலைகா பேகம் கல்கத்தாவில் காலமானார். இறுதியாகக் காணும் பொருட்டு அரசிடம் சலுகை வேண்ட மௌலானா அவர்களின் மனம் ஒப்பவில்லை.

1946 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு தில்லி வந்தது. பெரும்பான்மையோர் ஆட்சியில் தம் நிலை என்னாகுமோ என்ற அச்சம் முஸ்லிம்களிடையே நிலவிய காலம் அது. அவ்வச்சத்தை மௌலானா அவர்கள் பொய்யெனத் தள்ளவில்லை. ஆயினும், நாட்டைப் பிரிப்பதால் அது நீங்காது. இந்தியாவில் எஞ்சும் முஸ்லிம்கள் மேலும் வலுவிழப்பர் என்று கருதினார்கள். நிலத்தைப் பிரிப்பதற்கு மாறாக அதிகாரத்தைப் பிரிக்கலாம் என்பதே அவர்கள் கண்ட வழி. பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்று மட்டும் மத்திய அரசிடம் கட்டாயமாக இருக்கும். மாகாணங்கள் விரும்பினால் வேறு சிலவற்றையும் ஒப்படைக்கலாம். எஞ்சிய யாவும் மாகாணங்களுக்கே உரியன. இக்கருத்தை ஏப்ரல் 15 அன்று அறிக்கையாக வெளியிட்டார்கள்.

மே 16 அன்று தூதுக்குழு அறிவித்த திட்டத்திலும் அம்மூன்று துறைகளே மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்டன. மாகாணங்களை மூன்று தொகுதிகளாக அமைக்கவும் அது வழிசெய்தது. முஸ்லிம் லீகும் காங்கிரசும் முதலில் இசைந்தன. தொகுதி அமைப்பு பற்றிய கருத்து வேறுபாடும், அரசியல் நிர்ணய சபை எதற்கும் கட்டுப்பட்டதன்று என ஜூலை 10இல் நேரு கூறியதும் இசைவைக் குலைத்தன. ஜூலை 29இல் லீக் விலகியது. மறு ஆண்டு நாடு பிளவுண்டது. அவ்வேளையில் காங்கிரஸ் தலைமையை விட்டு விலகியதற்காக மௌலானா அவர்கள் பின்னர்த் தம் நூலில் வருந்தினார்கள்.

பிரிவினைக்குப் பின் வலிய மத்திய அரசே தேவை என்ற எண்ணம் மேலோங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் மத்தியப் பட்டியல் 97, மாநிலப் பட்டியல் 66, பொதுப்பட்டியல் 47 இனங்களைக் கொண்டிருந்தன. எஞ்சிய அதிகாரமும் மத்திய அரசுக்கே சென்றது. எனினும் கல்வி பெரும்பாலும் மாநிலப் பட்டியலில் இருந்தது. ஆதலின் கல்வி அமைச்சராக மௌலானா அவர்கள் ஆணையிட்டு நடத்துவதைவிட, கலந்து பேசியும் நிதி நல்கியும் பணியாற்ற வேண்டியிருந்தது. 1953இல் பல்கலைக்கழக மானியக் குழுவைத் தொடங்கி வைத்தார்கள். 1954இல் உருவான சாகித்திய அகாதெமியில் தமிழும் பிற மொழிகளோடு சம இடம் பெற்றது. 1958 பிப்ரவரி 22இல் அவர்கள் மறைந்தார்கள். 1976இல் 42ஆம் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது.

அவர்களின் திட்டம் நிறைவேறியிருப்பின் நாடு பிளவுறாது இருந்திருக்குமா, வலுவற்ற மத்திய அரசால் சிதறியிருக்குமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. சிறுபான்மையோரின் அச்சத்தை அதட்டி அடக்குதல் இயலாது. தம் வாழ்வைத் தாமே நடத்தும் உரிமையை அளித்தே அதனைப் போக்க இயலும் என்று அவர்கள் நம்பினார்கள். பட்டியல்களையும் பிரிவுகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் நம் மாணவச் செல்வங்கள், அவ்வரிகளுக்குப் பின்னே நின்ற இந்த நம்பிக்கையையும் சேர்த்துக் கற்பார்களாக.