தந்தப் பிடியும் தளபதியும்

படைக்கலத்தின் கூர்மை பகைவனுக்கு உரியது. பிடியோ உடையவனுக்கு உரியது. தன் கைக்கு இசையவும் கண்ணுக்கு இனிமையாகவும் பிடியைச் செய்வித்துக்கொள்ளும் வழக்கம் வாளோடு தொடங்கித் துப்பாக்கியோடும் தொடர்ந்தது. அவ்வழக்கத்தால் உலகறிந்த அடையாளம் ஒன்றைப் பெற்றவர் அமெரிக்கத் தளபதி ஜோர்ஜ் பற்றன்.

1885 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆந் திகதி கலிபோர்ணியாவிற் பிறந்த அவர், போர்வீரர் பலரைத் தந்த குடியினர். இளமையில் வாசிக்கவும் எழுதவும் இடர்ப்பட்டாராயினும், வெஸ்ற் பொயின்ற் படைக்கல்லூரியிற் பயின்று 1909 இல் அதிகாரியானார். 1912 இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் விழாவின் ஐந்திறப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றார்.

1916 மார்ச் மாதம் எல் பாசோ நகரிற் கோல்ற் நிறுவனத்து றிவோல்வர் ஒன்றை அவர் வாங்கினார். அதன் உலோகத்திற் கொடிவேலை. பிடிக்கு யானைத் தந்தம். இத்தகைய பிடியமைத்தல் நுண்ணிய தொழிலாகும். தந்தத்தை இரு தகடாக அறுத்து, சட்டத்தின் வளைவுக்கு இயையச் சிறிது சிறிதாக அராவி, இருபுறமும் பொருத்தித் திருகாணியால் இறுக்குவர். விளிம்பு மயிரிழை மிகினும் உள்ளங்கையை உறுத்தும். குறையின் சட்டம் வெளித்தோன்றும். பற்றனின் பிடியில் அவர் பெயரின் முதலெழுத்துக்களும் செதுக்கப்பட்டிருந்தன. அதனை முத்துச்சிப்பி என்று எவரேனுங் கூறின் அவர் சினந்து மறுப்பார்.

அப்பொழுது பாஞ்சோ வில்லாவைத் தேடி மெக்சிக்கோவுக்குட் சென்ற பேர்சிங் தளபதியின் படையில் அவர் இருந்தார். அவ்வாண்டு மே 14 இல் சான் மிகுவெலிற்றோ பண்ணையில் வில்லாவின் ஆட்களோடு பொருதார். பகைவர் மூவர் மாண்டனர். பற்றன் தம் பிடியில் இரண்டு கீறுகள் வெட்டிக்கொண்டார். அழகுக்கென இழைத்த தந்தம் அன்றே கொலைக் கணக்கேடும் ஆயிற்று.

1918 இற் பிரான்சிலே தாங்கிப் படையை நடத்திப் புண்பட்டார். இரண்டாம் உலகப் போரில் அவர் இடையில் விளங்கிய அவ்வெண்பிடி படையினர் யாவரும் அறிந்த அடையாளமாயிற்று. தலைவனை வீரர் கண்டவுடன் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆயின் 1943 ஆகஸ்ட் மாதம் சிசிலித் தீவின் படை மருத்துவ நிலையங்களில், உளந்தளர்ந்து கிடந்த வீரர் இருவரைக் கோழையரெனக் கருதி வெவ்வேறு நாளில் அறைந்தார். அவர்களுள் ஒருவனுக்கு மலேரியாக் காய்ச்சல் இருந்தமை பின்னர் தெரிந்தது. மற்றவன்முன் பற்றன் தம் துப்பாக்கியிலுங் கை வைத்தார். ஐசன்ஹோவர் கடிந்து, மன்னிப்புக் கேட்குமாறு பணித்தார். பற்றன் அவ்வாறே செய்தார். எனினும் பல திங்கள் போர்முனைப் பொறுப்பின்றி இருந்தார்.

1944 இல் மூன்றாம் படையைப் பிரான்சினூடே விரைந்து செலுத்தியும், திசெம்பரிற் பனியிடையே பஸ்தோனை மீட்டும் புகழை மீளப் பெற்றார். 1945 திசெம்பர் 9 இல் மோட்டார் விபத்திற் காயமுற்று, 21 ஆந் திகதி ஹைடல்பேர்க்கில் இறந்தார். லக்சம்பேர்க்கில் தம் வீரரிடையே அடக்கஞ் செய்யப்பட்டார்.

பிடியைக் கைக்கு இசைவிப்பான் தொழிலாளி. அக்கையை அறத்துக்கு இசைவித்தல் உடையவன் ஒருவனுக்கே உரிய வேலை. பெருவீரராகிய பற்றனும் அதனை ஒருபொழுது மறந்தார் என்பதே அத்தந்தப் பிடி நமக்கு உணர்த்தும் பாடமாகும்.