வென்றவரும் அவரே, தோற்றவரும் அவரே

கிரிக்கெட் என்றால் நம் பள்ளியின் சின்னஞ்சிறு குழந்தைக்கும் தெரியும். அமெரிக்க மக்களுக்குப் பேஸ்பால் அத்தகையது. பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடுவர். ஒருவர் பந்தை எறிய, எதிரணியார் ஒருவர் மட்டையால் அடிப்பார். அவருக்குப் பின்னால் நம் விக்கெட் காப்பாளரைப் போல ஒருவர் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பார். இவ்விளையாட்டில் மிக அதிகமான ஆட்டங்களில் வென்ற மானேஜர் யார் என்று கேட்டால், கானி மேக் என்பர். மிக அதிகமாகத் தோற்றவர் யார் என்று கேட்டாலும் அதே விடைதான்! வென்றவை 3,731, தோற்றவை 3,948. இந்த விந்தை மனிதரின் வரலாற்றை நாம் சிறிது காண்போம்.

1862 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஈஸ்ட் புரூக்ஃபீல்டு என்ற சிற்றூரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கார்னீலியஸ் மக்கிலிகடி என்பது முழுப் பெயர். அவ்வளவு நீளத்தைச் சொல்ல யாருக்குப் பொறுமை? கானி மேக் என்று சுருங்கிவிட்டது. இளமையிலேயே படிப்பை விட்டுக் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்த அவர், 1886இல் வாஷிங்டன் குழுவில் பந்து பிடிப்பவராகச் சேர்ந்தார். மட்டையடியில் அவர் பெரிய சூரர் அல்லர், தந்திரத்தில் சூரர். மட்டையை உரசி வந்த பந்தைப் பிடித்தால் அடித்தவர் ஆட்டமிழப்பார் என்பது அக்கால விதி. பந்து மட்டையில் படாதபோதும், பட்டது போன்ற ஓசையைக் கையுறையைத் தட்டி எழுப்பி நடுவரை ஏமாற்றுவாராம். பிற்காலத்தில் கண்ணியத்துக்குப் பெயர் பெற்றவர் இவரா என்று நமக்குச் சிரிப்பு வருகிறது.

1892இல் மனைவி மார்கரெட் மூன்று குழந்தைகளை விட்டு மறைந்தார். அத்துயரோடு விளையாடிக்கொண்டே, 1894இல் பிட்ஸ்பர்க் குழுவின் மானேஜரும் ஆனார். பின்னர் 1901இல் பிலடெல்பியா நகரில் புதிதாகத் தோன்றிய அத்லெடிக்ஸ் குழு அவர் கைக்கு வந்தது. மற்ற மானேஜர்கள் ஆட்டக்காரரின் சீருடை அணிய, இவரோ கோட்டும் கழுத்தை இறுக்கும் உயர்ந்த காலரும் அணிந்து பெஞ்சில் அமர்ந்திருப்பார். கையிலுள்ள ஆட்டக்குறிப்புத் தாளை இப்படியும் அப்படியும் அசைத்தால், தொலைவில் நிற்கும் வீரர் இடம் மாறி நிற்பார். கடுஞ்சொல் அவர் வாயில் அரிது. முரடர்கள்கூட அவரை மிஸ்டர் மேக் என்றே அழைத்தனர்.

1910, 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் உலகத் தொடரை அவருடைய குழு வென்றது. பிறகுதான் சோதனை. 1914இல் போட்டியாக எழுந்த ஒரு லீக், பெரிய சம்பளம் காட்டி வீரர்களை இழுத்தது. குழுவில் மேக்குக்கும் பங்கு உண்டு. ஆனால் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் தவிர அவருக்கு வேறு செல்வம் இல்லை. ஆகவே தாம் வளர்த்த வீரர்களையே விடுவித்தார், விற்றார். கல்லூரியிலிருந்து வந்து புகழ்பெற்ற எடி காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோ சென்றார். 1915 முதல் 1921 வரை ஏழு ஆண்டுகளும் குழுவுக்குக் கடைசி இடமே. 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி! நகர மக்கள் அவரை ஏசினர். அவர்கள் ஏசியதில் நியாயம் இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவ்வேழாண்டும் அதே பெஞ்சில் அதே காலருடன் அமர்ந்திருக்க எத்தனை பேரால் முடியும்?

மெல்ல மெல்லப் புதிய இளைஞர்களைச் சேர்த்தார். 1929 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், எல்லாரும் ஒதுக்கிவிட்ட 35 வயது ஹோவர்டு எம்கியைப் பந்தெறிய அனுப்பினார். பார்த்தவர் திகைத்தனர். எம்கியோ 13 பேரை மட்டையில் பந்து படாமலே வெளியேற்றிச் சாதனை படைத்தார்! நான்காம் ஆட்டத்தில் எட்டு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த குழு, ஏழாம் சுற்றிலேயே பத்து ஓட்டங்கள் குவித்து வென்றது. அத்தொடரையும் அடுத்த ஆண்டுத் தொடரையும் மேக் வென்றார். ஆனால் நாட்டைப் பொருளாதார வீழ்ச்சி கவ்வவே, இரண்டாம் முறையும் வீரர்களை விற்க நேர்ந்தது. அதன்பின் அவர் கோப்பையைத் தொடவே இல்லை.

1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் குழுவில் சேர்ந்து, கறுப்பின வீரர்களுக்குப் பெரிய லீகின் கதவைத் திறந்தார். மேக் பதவியிலிருந்த வரை அவருடைய குழுவில் ஒரு கறுப்பின வீரரும் ஆடவில்லை என்பது நமக்கு வருத்தமே. 1950இல் 87ஆம் வயதில், ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், அவர் பெஞ்சை விட்டு எழுந்தார். கடன் தாளாமல் குழு விற்கப்பட்டு, 1955இல் கான்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்ததையும் உயிரோடு இருந்து பார்த்தார். 1956 பிப்ரவரி 8ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் பெயர் தாங்கிய பிலடெல்பியா விளையாட்டரங்கம் 1976இல் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் ஓர் ஆலயம் நிற்கிறது.