வீணைக்கு உருவளித்த வேந்தர்

நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவி நமது கரமனை வழியாகவே கோட்டைக்கு எழுந்தருளுகின்றாள். அங்கு நவராத்திரி மண்டபத்தில் வீணை ஒலிக்கக் கேட்டு மகிழ்ந்தவர் நம்மிற் பலர். அவ்வீணை இன்றைய உருவைப் பெறக் காரணமாயிருந்தவர் தஞ்சையை ஆண்ட ஓர் அரசர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

அவரே இரகுநாத நாயக்கர். அச்சுதப்ப நாயக்கரின் திருமகனாராகிய இவர் 1600 ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். விஜயநகர அரசுரிமைப் பூசலில் இளவரசர் இராமதேவர் பக்கம் நின்று, 1616 ஆம் ஆண்டில் தோப்பூர்ப் போரில் வாகை சூடினார். 1620 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் கோட்டை கட்ட இசைவளித்தவரும் இவரே. கும்பகோணம் இராமசுவாமி கோயில் இவரது திருப்பணி.

போரும் அரசியலும் இவ்வளவிருக்க, இசைக்கு இவருக்கு நேரம் எங்ஙனம் கிடைத்ததோ! தாய்மொழியாம் தெலுங்கில் காவியங்கள் இயற்றினார். வீணையில் வல்லவராய் விளங்கினார். இவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர் இசையிலக்கணம் கற்ற பேரறிஞர். இவ்விருவர் காலத்திலேதான் வீணைக்கு 24 மெட்டுகள் நிலையாய் அமைந்தன என்பது இசையறிஞர் கொள்கை.

அதற்கு முன்னர் இராகத்திற்கேற்ப மெட்டுகளை நகர்த்தி வைத்து வாசிக்கும் வழக்கம் இருந்தது. மெட்டுகளை மெழுகில் பதித்து நிலைநிறுத்திய பின்னரோ, ஒரே வீணையில் எல்லா இராகங்களையும் தடையின்றி வாசிக்க இயன்றது.

ஆயினும் இதனால் தச்சனுக்கு ஒரு புதுக்கவலை பிறந்தது என்பது அடியேன் கருத்து. குடத்தில் தண்டி பொருந்துமிடமே வீணையின் உயிர்நிலை. ஏழு தந்திகளும் ஓயாது இழுத்துக்கொண்டிருக்க, அவ்விணைப்பு மயிரிழை நெகிழினும் தண்டி மேல்நோக்கி வளையும். தந்தி மெட்டைவிட்டு உயரும். அழுத்துங்கால் சுருதி ஏறிவிடும். நகரும் மெட்டாயின் வாசிப்பவரே சற்று நகர்த்திச் சரிசெய்துகொள்வார். நிலைமெட்டுக்கு அவ்வசதி இல்லை. மெழுகை நீக்கி மீண்டும் மேளம் கட்டவேண்டும். அதற்குத் தேர்ந்த செவியும் பல நாள் பொறுமையும் வேண்டும்.

குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. ஒரே பலா மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. பின்னதில் நெகிழ்வதற்கு ஒட்டே இல்லை; நாதமும் தடையின்றி ஓடும் என்பர். ஆனால் அதற்குப் பழுதற்ற பெருமரம் வேண்டும், விலையும் மிகுதி. எனவே நம்மைப் போன்ற குடும்பத்தினர் வாங்குவது பெரும்பாலும் ஒட்டு வீணையே. இணைப்பைத் திருத்தமாகச் செய்யும் ஆசாரியிடம் வாங்கினால் அதிலும் குறையொன்றுமில்லை.

இரகுநாதர் 1634 ஆம் ஆண்டளவில் மறைந்தார். அவர் மைந்தர் விஜயராகவர் 1673 ஆம் ஆண்டில் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டார். தஞ்சை நாயக்கர் அரசு அத்துடன் முடிந்தது. தஞ்சைத் தச்சர்கள் மட்டும் பலா மரத்தைக் குடைவதை நிறுத்தவில்லை.