இடையன்குடியில் உறங்கும் இலக்கணப் பேராசான்

பனங்காட்டுக்கும் மொழி ஆராய்ச்சிக்கும் என்ன உறவு? செம்மணல் தேரிக்கும் செந்தமிழின் பெருமைக்கும் என்ன தொடர்பு? நெல்லைச் சீமையின் தென்கோடியிலே, பனைகள் சூழ்ந்த இடையன்குடிக்குச் செல்வோர்க்கு விடை கிடைக்கும். அங்கே நிற்கிறது தூய திரித்துவ ஆலயம். ஆங்கிலத் திருச்சபையார் எழுப்பிய அந்த ஆலயத்தின் பீடத்தின் கீழே உறங்குகிறார் ஒருவர். அவர்தான் கால்டுவெல்!

1814ஆம் ஆண்டு அயர்லாந்திலே பிறந்தார். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பயின்றார். 1838இல் சென்னையில் கரையிறங்கியபோது வயது இருபத்துமூன்று. மதம் பரப்ப வந்தவர்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மக்களை அறியாமல் மதத்தைப் பேசுவது வீண் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1841இல் சென்னையிலிருந்து நடந்தே புறப்பட்டார். தஞ்சையைக் கண்டார், திருச்சியைக் கண்டார், நீலகிரி ஏறி இறங்கினார், மதுரை வழியே நெல்லைக்கு வந்தார். பல்லக்கிலே பவனி வந்த வெள்ளையர் பலர் இருந்த காலத்தில், புழுதியிலே நடந்து வந்த வெள்ளையர் இவர்!

இடையன்குடியிலே குடியேறினார். வீதிகளை நேராக வகுத்தார், பள்ளிகளைத் திறந்தார். 1844இல் அவர் மணந்த எலிசா அம்மையார், பெண்களுக்குப் படிப்பும் தந்தார், பின்னல் தொழிலும் கற்றுத் தந்தார். 1847இல் தொடங்கிய ஆலயப் பணி 1880இல்தான் நிறைவேறியது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! வளைவுகளைக் களிமண்ணிலே செய்து காட்டிக் கொத்தனார்களுக்கு விளக்கினார் என்று சொல்வார்கள். வழிகாட்டியவர் அவர், கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் யார்? பெயர் தெரியாத பாட்டாளிகள்! அவர்களுடைய வியர்வையும் அந்தச் சுவரிலே ஊறியிருக்கிறது.

ஆலயம் வளர்ந்துகொண்டிருந்தபோதே இன்னொரு மாளிகையும் எழுந்தது. 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணந்தான் அது! வடமொழியின் வயிற்றிலே பிறந்ததே தமிழ் என்று பண்டிதர் பலர் பேசிவந்த காலம். 1816இலேயே எல்லிஸ் என்ற அதிகாரி, தென்னக மொழிகள் தனிக் குடும்பம் என்று எடுத்துக் காட்டியிருந்தார். அதை விரிவான இலக்கணச் சான்றுகளோடு நிலைநாட்டியவர் கால்டுவெல். இரவல் வாங்கிய சொற்களை அவர் நம்பவில்லை. எண்ணுப் பெயர்களை, வேற்றுமை உருபுகளை, நான், நீ என்னும் அடிப்படைச் சொற்களை உரசிப் பார்த்தார். தமிழிலே மூன்று, கன்னடத்திலே மூரு, தெலுங்கிலே மூடு, வடமொழியிலோ த்ரி! உடன்பிறந்தார் யார், அண்டை வீட்டார் யார் என்பது இதிலேயே விளங்கவில்லையா? வடமொழியின் துணையின்றியும் தமிழ் வாழ முடியும் என்று அவர் காட்டினார். அந்தக் கருவி பின்னாளில் நமது இயக்கத்தின் கையிலே வாளாயிற்று.

அதற்காக அவரை அப்பழுக்கற்றவராக்கிவிட வேண்டுமா? வேண்டாம்! 1849இல் அவர் எழுதிய ஒரு நூல், பனையேறிப் பிழைத்த மக்களை அறிவில் தாழ்ந்தவர்கள் என்ற முறையிலே சித்திரித்தது. தம்மைச் சுற்றி வாழ்ந்த மக்களையே அவர் அப்படி எழுதினார். அந்த மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. அவர்களுள் தோன்றிய சட்டாம்பிள்ளை போன்றோர் பேனா எடுத்து எதிர்த்தனர். மொழியை உயர்த்திய கை மக்களைத் தாழ்த்தி எழுதியது; தாழ்த்தப்பட்டவர்களோ எழுந்து நின்று விடை சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு. ஒன்றை மறைத்தால் அது வழிபாடு. வழிபாடு நமக்குப் பழக்கமில்லையே!

1877இல் பிஷப் பட்டம் பெற்றார். 1881இல் நெல்லைச் சீமையின் வரலாற்றை எழுதினார். 1891 ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் கண்மூடினார். உடலைக் கொண்டுவந்து இடையன்குடியிலே அடக்கம் செய்தார்கள். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

தோழர்களே! சிலைக்கு மாலையிடுவோம், தவறில்லை. ஒருமுறை இடையன்குடிக்கும் செல்லுங்கள். ஆலயத்தின் உள்ளே சென்று அந்த அறிஞருக்குத் தலைவணங்குங்கள். வெளியே வந்ததும் பனைகளை அண்ணாந்து பாருங்கள். பாளை அரிவாளோடு அவற்றில் ஏறி இறங்கிய உழைப்பாளிகளுக்கும் அதே வணக்கத்தைச் செலுத்துங்கள். மொழியின் மானமும் மக்களின் மானமும் வேறு வேறல்ல!