ஒட்டப்பிடாரம் தந்த சிதம்பரனார்

தென்பாண்டிச் சீமையில், கட்டபொம்மன் ஆண்ட பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே ஒட்டப்பிடாரம் என்னும் சிற்றூர் உள்ளது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799ஆம் ஆண்டில். அதன்பின் எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள், ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவரே வ.உ.சிதம்பரனார்.

தந்தையைப் போலவே அவரும் வழக்கறிஞரானார். தூத்துக்குடியில் குடியேறி நற்பெயரும் பொருளும் ஈட்டினார். அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் வாணிகம் ஆங்கிலேயர் கையில் இருந்தது. அதனை எதிர்த்து 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கழகத்தை நிறுவினார். பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்திற்காக, ஒன்று இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகளை விற்க முனைந்தார். மறு ஆண்டில் இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கழகமோ கட்டணமின்றி ஏற்றிச் செல்வதாகவும் ஆசை காட்டிற்று.

மாணவச் செல்வங்களே, அவர் கப்பலோட்டிய கதையைப் பலரும் அறிவர். ஆயினும் அவர் சிறை புகுந்ததற்குக் கப்பல் மட்டும் காரணமன்று. நம் பெற்றோரைப் போன்ற உழைப்பாளிகளுக்காகவும் அவர் பேசினார். தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு, வார விடுமுறையும் இன்றி நெடுநேரம் உழைத்து வந்தனர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஒன்பதே நாளில் ஆலை முதலாளிகள் பணிந்தனர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்படுத்தப்பட்டார். அச்செய்தி கேட்டு அதே தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். கிடைத்த கூலி உயர்வு கைவிட்டுப் போகுமோ என்று அவர்கள் அஞ்சவில்லை! நீதிமன்றம் நாற்பதாண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில், மாடு இழுக்கும் செக்கினை அவர் இழுத்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் விடுதலையானபோது கப்பல் கழகம் இல்லை. வழக்கறிஞர் உரிமையும் இல்லை. சென்னையில் சிறு கடை வைத்து வறுமையோடு போராடினார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கெனத் திரட்டிய பொருள், காலந்தாழ்ந்து 1916ஆம் ஆண்டில் காந்தியடிகள் வழியாக வந்து சேர்ந்தது. கடல் கடந்து உழைத்த தமிழர் அவரை மறக்கவில்லை என்பதை இங்கே நாம் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம்.

பின்னர் வாலேசு என்னும் ஆங்கில நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை மீண்டது. ஆங்கிலேயராட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், அந்த நன்றியை நினைந்து தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். தொல்காப்பிய உரையைப் பதிப்பித்ததும் அவர்தம் தமிழ்த் தொண்டே. 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

அவர் இழுத்த செக்கு இன்று சென்னையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. ஒட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீடு நினைவில்லமாக விளங்குகிறது. அவர் கப்பல் விட்ட தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என வழங்கி வருகிறது.